பொட்டு வைத்த கருவி

புக்கிட் கெனாரி தோட்டத்து எடைமேடைக்கு வாய் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

தம்பினிலிருந்து கிம்மாஸ் போகிற சாலையில் செம்பனைக் காட்டுக்குள் பிரியும் செம்மண் பாதையின் கடைசியில் கம்பெனியின் எண்ணெய் ஆலை இருக்கிறது. ஆலை வாசலில் லாரிகளை நிறுக்கும் இரும்பு மேடை. மேடையை ஒட்டித் தகரக் கூரை போட்ட அறை. அறைக்குள் எடைக் கணக்கு எழுதும் கிராணி லோகேஸ்வரி. செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றால் அவள் மேசைமேல் இருக்கும் இரும்புப் பெட்டியில் சிவப்பு எண்கள் எரியும். பெட்டியின் முதுகிலிருந்து ஒரு தடித்த வயர் தொங்கும். அதன் நுனியில் இரண்டு பக்கமும் திருகு வைத்த அகலமான சொருகி. அந்தச் சொருகி பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் போய் இறுக உட்கார்ந்திருந்தது. பெட்டி சொல்லும், கம்ப்யூட்டர் கேட்டு எழுதிக்கொள்ளும், லோகேஸ்வரி சீட்டைக் கிழித்து டிரைவரிடம் நீட்டுவாள். மூவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் பல வருஷம் பிழைப்பை ஓட்டிவிட்டார்கள்.

மழை தொடங்கிய வாரத்தில் விழுந்த இடி பழைய கம்ப்யூட்டரைப் பொசுக்கிவிட்டது. பெட்டிக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒருத்தன் செத்துக் கிடக்கிறான் என்ற உணர்ச்சிகூட இல்லாமல் அது பாட்டுக்கு எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது. கோலாலம்பூர் தலைமையகம் புதுக் கம்ப்யூட்டர் அனுப்பியது. பளபளவென்று, சப்பையாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. லோகேஸ்வரி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அகலச் சொருகி போய் உட்கார எங்கேயும் இடமில்லை. யூஎஸ்பி செருகுகிற சின்னச் சின்னக் கீற்றுகள்தான் வரிசையாக இருந்தன.

இது தெரிந்த விஷயம்தான், உலகமெங்கும் நடப்பதுதான். பழைய சொருகியைப் புதுக் கீற்றோடு சேர்க்கக் கட்டைவிரல் அளவில் ஓர் இணைப்பான் கடையில் கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் தலைமையகத்தில் மின்னிலக்க மாற்றப் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு வேலை முடிந்துவிட்டால் அந்தப் பிரிவுக்கு வேலை இருக்காது.

பிரிவின் தலைவர் டாக்டர் முகுந்தன். தலைமையகத்தின் வரவேற்பறையில் அவர் ஒரு சுவர் முழுக்கத் திரை பதித்திருந்தார். அதற்கு நேரலைச் சுவர் என்று பெயர். கம்பெனியின் ஒவ்வோர் எடைமேடைக்கும் அதில் ஒரு விளக்கு. எடை தானாக வந்து சேர்ந்தால் பச்சை, வராவிட்டால் சாம்பல். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குள் பச்சையாகாத எடைமேடை இயங்காததாகவே கருதப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த மேடை மூடப்படும், குலைகள் வேறு ஆலைக்குப் போகும், கிராணிக்கு வேறு ஊரில் வேலை தரப்படும், குடியிருக்கும் கம்பெனி வீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

லோகேஸ்வரிக்குச் சுற்றறிக்கையில் கடைசி வரிதான் கண்ணில் நின்றது. அவள் மகள் ரதி அந்த வருஷம் எஸ்.பி.எம். பள்ளி இறுதிப் பரீட்சை எழுதுகிறாள். பள்ளி தம்பினில். பள்ளி பஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கும். புருஷன் அர்ச்சுனன் சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை; வாரம் முழுக்க அங்கே நாலு ஆண்களோடு ஓர் அறையில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை மோட்டாரில் வருவான். இந்த வீடு போனால் தாயும் மகளும் அந்த அறைக்குத்தான் போக வேண்டும். பரீட்சை வருஷத்தில் பள்ளியை மாற்ற வேண்டும்.

அர்ச்சுனன், அப்படியெல்லாம் ஆகாது, ஒரு டிம்பாங்கை இழுத்து மூடுவதென்ன லேசா என்றான். மேடையை அங்கே எல்லோரும் டிம்பாங் என்றுதான் சொல்வார்கள். அன்றிலிருந்து லோகேஸ்வரிக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும்போல இருந்தது, எழுந்தால் உட்கார வேண்டும்போல இருந்தது.

இணைப்பான் ஒரு வழியாக வந்தது. வந்தது என்று ஒரு சொல்லில் சொல்வது அதற்கு மரியாதைக் குறைவு. பதாகை கட்டி, மேசைக்குத் துணி விரித்து, இணைப்பு ஒப்படைப்பு விழா என்று வைத்தார்கள். ஆலை மேலாளர் ஹேமநாதன் டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். கோலாலம்பூரிலிருந்து எந்தக் கார் வந்தாலும் அதில் இருப்பவர் சொல்வதை ஒத்துக்கொள்வது என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை. சில நேரம் இறங்கியவர் டிரைவர் மட்டும்தான் என்று பிறகு தெரியும், அதற்குள் ஒத்துக்கொண்டிருப்பார். கட்டைவிரல் அளவு இணைப்பானை ஆறேழு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். படத்தில் கைகள் தெரிந்தன. இணைப்பான் தெரியவில்லை.

கொண்டுவந்தவன் ரஜீவன். மின்னிலக்கப் பிரிவின் இளம் பொறியாளன், சிரம்பான் பையன். விழா முடிந்து எல்லோரும் மீஹூன் தட்டோடு நகர்ந்த பிறகு அவன் இணைப்பானைச் செருகி, விதிப்படி பழைய வயரைக் கழற்றிக் குப்பையில் போட்டு, கூடவே வந்த வயரைப் பெட்டியில் மாட்டி, திரையைப் பார்த்தான். லாரி மேடையில் நின்றது. பெட்டி எண்ணைக் காட்டியது. திரையில் ஒன்றும் வரவில்லை. ரஜீவன் வயரின் இரண்டு நுனியையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, இது நேர் வயர். பேசுற கம்பி போய் பேசுற கம்பியிலயே முட்டுது. வாய்க்கு வாய், காதுக்குக் காது. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் போகாது."

"அப்போ மாத்திப் போடுங்க தம்பி."

"குறுக்கு வயர் தம்பின் கடையிலயே கிடைக்கும்லா. ஆனா டாக்டர் கையெழுத்துப் போட்டது நேர் வயருக்கு. எல்லாத் தோட்டத்துக்கும் வாங்கியாச்சு. அதுக்கு அவார்டும் வாங்கியாச்சு."

மற்ற தோட்டங்களில் எப்படி ஓடுகிறது என்று அவள் கேட்டாள். ரஜீவன் ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்த்தான். வெயில் அதிகம் இல்லையா அக்கா என்றான்.

அந்தச் சனிக்கிழமை அர்ச்சுனன் தம்பின் கடைக்குப் போய் ஒரு குறுக்கு வயர் வாங்கிவந்து கொடுத்தான். திங்கள் காலை லோகேஸ்வரி அதை மாட்டினாள். முதல் லாரி குணாளனுடையது. மேடையில் ஏறியது, பெட்டி சொன்னது, கம்ப்யூட்டர் கேட்டது, சீட்டு வந்தது. குணாளன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னக்கா கம்பெனி திருந்திருச்சா என்று கேட்டான். நண்பகல் வரைக்கும் லோகேஸ்வரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பல நாளைக்குப் பிறகு தேநீரைச் சூடாகக் குடித்தாள்.

மதியம் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அனுமதிச் சான்று வழங்கப்படாத ஓர் இடத்திலிருந்து சரியான எடை வந்துகொண்டிருப்பதைப் பாதுகாப்புப் பிரிவு கண்டுபிடித்திருந்தது. தவறான எடை வந்திருந்தால் அது சோதனைக் கட்டம் என்று விட்டிருப்பார்களாம். சரியாக வருவதென்றால் யாரோ உள்ளே புகுந்து ஏதோ செய்திருக்க வேண்டும். குறுக்கு வயரைக் கையுறை போட்டுக்கொண்டு கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் வாயை ஒட்டி, காரின் பின்சீட்டில் தனியாக உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். ஹேமநாதன் காருக்குக் கதவு திறந்துவிட்டார். லோகேஸ்வரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நேர் வயர் திரும்பவும் மாட்டப்பட்டது.

அதன்பிறகு எடையைக் கையால் எழுதலாம் என்று தற்காலிகச் சலுகை கொடுத்தார்கள். ஆனால் மனிதக் கண் சான்றளிக்கப்பட்ட கருவி அல்ல என்பதால் ஒவ்வொரு சீட்டிலும் மேலாளர் கையெழுத்து வேண்டும். மேலாளரோ எந்த நேரமும் தலைமையகத்தோடு திரைக்கூட்டத்தில் இருந்தார், எடைமேடையில் ஏன் லாரிகள் தேங்குகின்றன என்பதைப் பற்றி. செம்மண் பாதை நெடுக லாரிகள் நின்றன. குலைகள் வெயிலில் கருத்து, எண்ணெய் வழிந்து, புளித்த வாடை வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்தது. டிரைவர்கள் லோகேஸ்வரியின் ஜன்னலுக்குக் கீழேயே சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தாயம் ஆடினார்கள். குணாளன், உள்ள இருக்கிறது டிம்பாங் ஆபிசா ஆஸ்பத்திரியாக்கா, நம்பர் கூப்பிடுவாங்களா என்று கேட்டான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு நாளில் எத்தனை தடவை கழுவுகிறாள் என்று கூட்டிப் பெருக்க வரும் செல்லம்மா கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

சிக்கல் எங்கே என்று தலைமையகம் ஆராய்ந்தது. வயரில் இல்லை, ஏனென்றால் வயர் அவார்டு வாங்கியது. கம்ப்யூட்டரில் இல்லை, அது புதியது. பெட்டியில் இல்லை, அது எண்ணைக் காட்டுகிறது. மிச்சம் இருப்பது ஊழியர்கள். அவர்களுக்கு இணைப்பு மனப்பான்மை போதவில்லை. ஆகவே எல்லாத் தோட்டத்து எடைக் கிராணிகளையும் போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டலுக்கு அழைத்தார்கள்.

அங்கே எல்லோருக்கும் நீல நிறத்தில் டீ சட்டை கொடுத்தார்கள். மணலில் வரிசையாக நிற்க வைத்து, தலையில் இருப்பவர் கையில் ஒரு பந்தைக் கொடுத்து, ஒருவர் பின் ஒருவராகக் கைமாற்றி வால் வரைக்கும் கொண்டுபோகச் சொன்னார்கள். பழைய கருவிகள் இப்படித்தான் செய்தியை அனுப்புகின்றன, இதை உடம்பால் உணர வேண்டும் என்று பயிற்சியாளர் விளக்கினார். முன்னால் நின்றவர் ஜெலுபு பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, ஓய்வு பெறும் வயது. அவர் குனிந்து பந்தைப் பின்னால் நீட்டும்போது லோகேஸ்வரி மெதுவாக, உங்க டிம்பாங்ல எப்படிண்ணே ஓடுது என்று கேட்டாள். அவர் திரும்பாமல், வலது கையின் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காற்றில் தட்டிக் காட்டினார். அவளுக்கு அப்போது புரியவில்லை.

மாலையில் டாக்டர் முகுந்தன் பேசினார். நல்ல குரல். ஒவ்வொரு சொல்லையும் தானே கண்டுபிடித்ததுபோல வெளியே விட்டார்.

"நண்பர்களே, என்னிடம் கேட்கிறார்கள், டாக்டர், இது வேலை செய்கிறதா என்று. நான் சொல்கிறேன், அது பழைய கேள்வி. ஒரு கருவி வேலை செய்வதால் யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. வேலை செய்யாதபோதுதான் அது எல்லோரையும் இணைக்கிறது. இன்று இந்தக் கடற்கரையில் நம் எல்லோரையும் இணைத்திருப்பது எது? அந்த வயர்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். லோகேஸ்வரியும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் இணைப்பு மனப்பான்மை பற்றி இன்னொரு பயிற்சிக்கு அனுப்புவார்களோ என்று பயமாக இருந்தது.

மெர்டேக்கா நெருங்கியது. ரஜீவன் திரும்பவும் வந்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இந்தத் தடவையும் கதவைச் சாத்தினான். திரையில் மென்பொருளைத் திறந்து, மூலையில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினான்.

"இதுல நம்பரைத் தட்டி என்டர் அடிச்சா, மெஷின் அனுப்புன மாதிரியே போகும்க்கா. நாங்க டெஸ்ட்டுக்கு வச்சது. நான் காட்டினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அப்போதுதான் ஜெலுபுக்காரரின் ஒற்றை விரல் அவளுக்குப் புரிந்தது. எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தானா என்று அவள் கேட்டாள். ரஜீவன் இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்தான்.

திறப்பு விழா நாளில் தலைமையகத்தின் நேரலைச் சுவர் ஆலைத் திரையிலும் தெரிந்தது. டாக்டர் முகுந்தன் பாத்தேக் சட்டையில் நின்று, மனிதக் கை படாத எடையின் யுகம் பிறக்கிறது என்றார். குணாளனின் லாரி மேடையில் ஏறியது. பெட்டியில் எண் எரிந்தது. லோகேஸ்வரி அதைப் படித்தாள், தட்டினாள், என்டர் அடித்தாள். சுவரில் புக்கிட் கெனாரி பச்சையானது. அங்கே எழுந்த கைதட்டல் ஒலிபெருக்கி வழியாக வந்து தகரக் கூரையில் அடங்கியது. ஹேமநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரி ஜன்னலிலிருந்து குணாளன் எல்லாவற்றையும் பார்த்தான். சீட்டை வாங்கும்போது, தேங்க்யூ மெஷின் என்றான்.

கட்டாயத்துக்குத் தொடங்கியது பழக்கமாகிவிட்டது. படி, தட்டு, என்டர். வீடு பத்திரமாக இருந்தது. பள்ளி பஸ் வாசலில் வந்து நின்றது. ரதி விடியலில் எழுந்து ரசாயனம் படித்தாள். லோகேஸ்வரியின் விரல்கள் மட்டும் சோறு பிசையும்போதும் எண் தட்டிக்கொண்டிருந்தன. மதியம் அவள் சாப்பிடப் போனால் எடை வராது. தலைமையக அறிக்கை அதைக் கருவியின் தன்குளிர்ச்சி நேரம் என்று பாராட்டியது. ஒரு நாள் காய்ச்சலோடு வந்து மெதுவாகத் தட்டினாள். ஈரப்பதத்தால் வேகக் குறைவு என்று எழுதினார்கள்.

செப்டம்பர் கடைசியில் கடிதம் வந்தது. எடை மனிதக் கையின்றித் தானாகப் பதிவாவதால், புக்கிட் கெனாரியில் எடைக் கிராணி என்ற பதவி இனித் தேவையில்லை. லோகேஸ்வரியின் சேவைக்குக் கம்பெனி நன்றி சொல்லியது. தீபாவளிக்குப் பிறகு வீட்டைக் காலி செய்து தரவேண்டும்.

அவள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த லாரியின் எடையைத் தட்டினாள். பிறகு ரஜீவனுக்குப் போன் செய்தாள். உண்மையைச் சொன்னால் பொய் எடை அனுப்பியதாக அவளைத்தான் முதலில் பிடிப்பார்கள், இரண்டாவது தன்னை என்றான். எல்லாத் தோட்டத்துக்கும் இதே கடிதம் போகப்போகிறதாம். அதன்பிறகு சுவர் முழுக்கச் சாம்பலாகிவிடுமே என்றாள் அவள். ஆகும்க்கா, அதுக்கு ஒரு கமிட்டி போடுவாங்க என்றான். லோகேஸ்வரி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ரதி புத்தகத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு, அம்மா ஏன் ஒரே இடத்தில் நிற்க மாட்டேங்கிறீங்க என்று மட்டும் கேட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. புக்கிட் கெனாரியில் அதைக் கோயிலில் கும்பிடுவதைவிட ஆலையில் கும்பிடுவதுதான் முக்கியம். கொதிகலனுக்கு மாலை, லாரிகளுக்கு வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். எடை அறைப் பூஜை எப்போதும் செல்லம்மாவின் பொறுப்பு. சாம்பிராணி போட்டு, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். கம்ப்யூட்டருக்கு வைத்தாள், பிரிண்டருக்கு வைத்தாள், மின்விசிறிக்கு ஸ்டூல் போட்டு ஏறி வைத்தாள். இணைப்பான்மேல் விரலைக் கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள்.

"இது என்னைக்காச்சும் வேல செஞ்சிச்சா? ஓடாததுக்கு நான் பொட்டு வக்க மாட்டேன். சாமி கேக்கும்."

சொல்லிவிட்டு, மிச்சச் சந்தனத்தை லோகேஸ்வரியின் நெற்றியில் அகலமாகத் தீற்றி நடுவில் குங்குமம் வைத்தாள். உள்ளபடி ஓடுறது நீதானே என்றாள்.

மறுநாள் பூஜை அலங்காரம் கலையாமல் இருந்தபோது தலைமையகம் அமர்த்திய சொத்துக் கணக்கெடுப்பு ஆட்கள் சுங்கை காடுட்டிலிருந்து வந்து சேர்ந்தார்கள். நேரலைச் சுவர் திட்டத்தின் கருவிகள் எல்லாவற்றுக்கும் பட்டை ஒட்ட வேண்டும். பட்டையில் கோடுகள், கீழே எழுத்து: கம்பெனிச் சொத்து, எழுத்துப்பூர்வ அனுமதியின்றி இவ்விடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. அவர்களின் தலைவன் புனிதன். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவன், ஒரு சொல் கூடவோ குறையவோ போகமாட்டான். எது ஓடுகிற கருவி, எது கழிவு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அவன் ஹேமநாதனிடம் கேட்டான். ஹேமநாதன் திரைக்கூட்டத்தின் நடுவில் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்தார்.

"பொட்டு வச்சதெல்லாம் ஓடுறது, பொட்டில்லாதது குப்பை."

அது தோட்டத்தில் யாரும் மறுக்க முடியாத அளவுகோல்தான். புனிதன் அதை அப்படியே பின்பற்றினான். கொதிகலனுக்குப் பட்டை, லாரிகளுக்குப் பட்டை, எடை அறையில் பெட்டிக்கு, கம்ப்யூட்டருக்கு, பிரிண்டருக்கு, ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறிக்கு. இணைப்பானை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பொட்டில்லை. அவார்டு வாங்கிய வயரோடு சேர்த்துக் கழிவுப் பைக்குள் போட்டான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரியைப் பார்த்தான். நெற்றி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம்.

அவன் கொஞ்சம் தயங்கினான் என்பதை அவன் பெருமைக்காகச் சொல்ல வேண்டும். தலைமையகத்துக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்டான். அங்கே இருந்தவர் தன் முன்னால் இருந்த கேள்விகளை வரிசையாகப் படித்தார். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடையைக் கொண்டுசேர்ப்பது எது? புனிதன் அவளைக் கேட்டான், நான்தான் என்றாள். ஒரே இடத்தில் நிலையாக இருக்கிறதா? ஆமாம். அதை எடுத்துவிட்டால் அமைப்பு நிற்குமா? புனிதன் அவளைப் பார்த்தான். நின்றுவிடும் என்றாள். அப்புறமென்ன, ஒட்டுங்கள் என்றார் அவர்.

கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையின்மேல் புனிதன் பட்டையை ஒட்டினான். காற்றுப் புகாமல் கட்டைவிரலால் நீவிவிட்டான். மன்னிக்கணும்க்கா, அசையாம இருங்க என்று கோடு படிக்கும் கருவியால் பட்டைமேல் ஒளிபாய்ச்சினான். பீப் என்றது.

இரண்டு காகிதங்கள் தலைமையகத்தில் மோதிக்கொண்டன. ஒன்று கிராணியை நீக்கியது. இன்னொன்று கருவியை நகர்த்தக் கூடாது என்றது. டாக்டர் முகுந்தன் இரண்டையும் காப்பாற்றினார். கிராணி நீக்கப்பட்டார், கருவி இருக்கும். சம்பளம் நின்று, பராமரிப்புச் செலவு என்ற பெயரில் வேறொரு பகுதியிலிருந்து வந்தது. வீட்டின் வாசலில் கருவிக் காப்பறை என்று பலகை அடித்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் பிறகு கேட்கவில்லை. அர்ச்சுனன் சனிக்கிழமை வந்து பலகையைப் படித்துவிட்டு, நான் உள்ளே வரலாமா, பாஸ் வாங்கணுமா என்று கேட்டான். லோகேஸ்வரி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். வருஷக் கடைசியில் ரதி வீட்டிலிருந்தே போய்ப் பரீட்சை எழுதினாள்.

கருவியாக இருப்பதில் சில வசதிகள் இருந்தன. யாரும் அவளைத் திட்டவில்லை; கருவியைத் திட்டினால் அறிக்கை எழுத வேண்டும். பயிற்சிகளுக்கு அழைக்கவில்லை. காலாண்டுக்கு ஒருமுறை தூசு தட்டச் சொல்லிச் செல்லம்மாவுக்கு ஆணை வந்தது. செல்லம்மா துடைப்பத்தோடு வந்து, எங்கேருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ரதிக்கு நல்ல தேர்ச்சி. கெடாவில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெற்றோர் இருவரும் வந்து சேர்த்துவிட வேண்டும். லோகேஸ்வரி விடுப்புக் கேட்டாள். பதில் வந்தது: கருவிகளுக்கு விடுப்பு இல்லை. இடம் நகர்த்த வேண்டுமானால் மாற்றுக் கருவி காட்ட வேண்டும். அவள் திரும்பத் திரும்ப எழுதினாள். கடைசியில் டாக்டர் முகுந்தனே திரையில் தோன்றினார்.

"லோகேஸ்வரி, உங்களை நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் தெரியுமா? வேறு எந்தக் கருவியோடும் நான் நேரில் பேசியதில்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு மகள் இருக்கிறாராமே. அதே தயாரிப்பு, புதிய மாடல். கண், விரல் எல்லாம் தேய்மானம் இல்லாமல் இருக்கும். அவரை இங்கே பொருத்திவிட்டு நீங்கள் தாராளமாகப் போய்வரலாம்."

"அவளைக் கொண்டுபோய் விடத்தான் சார் லீவு கேக்குறேன்."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். உதிரியையும் வெளியே அனுப்பி, முதன்மைக் கருவியையும் நகர்த்தினால் இந்தத் தோட்டத்தின் எதிர்காலம் என்ன ஆவது? உங்களுக்குப் பிறகு அவர், அவருக்குப் பிறகு அவர் பிள்ளை என்று போனால் எவ்வளவு நிலையான அமைப்பு. நூறு வருஷம் இந்தத் தோட்டம் அப்படித்தானே ஓடியது."

லோகேஸ்வரியின் விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தாள். மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சரி சார் என்றாள். டாக்டர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மறைந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அர்ச்சுனன் வாடகைக் காரோடு வந்தான். ரதி பெட்டிகளை ஏற்றினாள். லோகேஸ்வரி எடை அறைக்குள் போனாள். கழுத்து அட்டையைக் கழற்றி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, பட்டையைக் கிழியாமல் உரித்தாள். நாற்காலியின் முதுகில் நேராக ஒட்டினாள். புனிதன் செய்ததைப் போலவே கட்டைவிரலால் நீவிவிட்டாள். செல்லம்மா சாம்பிராணித் தட்டோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து நாற்காலிக்குச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"போய்ட்டு வா லோகா. திரும்பி வந்தாலும் சரி, வராட்டியும் சரி. புள்ளய மட்டும் காலேஜுக்குள்ள தள்ளி கதவ சாத்திடு."

கார் செம்மண் பாதையில் போகும்போது எதிரே குணாளனின் லாரி குலைகளோடு வந்தது. ஓரம் ஒதுங்கி வழிவிட்டு, ஹாரன் அடித்தான். கார் சாலைக்கு ஏறும்வரை லோகேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று புக்கிட் கெனாரியிலிருந்து எடை எதுவும் வரவில்லை. சுவரில் விளக்கு சாம்பலாயிற்று. திங்கட்கிழமை தலைமையகம் புனிதனை அனுப்பியது. அவன் அறைக்குள் போய்ப் பட்டையைத் தேடினான், கண்டுபிடித்தான், ஒளிபாய்ச்சினான். பீப் என்றது. கருவி அதே இடத்தில் உள்ளது, நகர்த்தப்படவில்லை, கால்கள் நான்கும் உறுதி, பொட்டு உண்டு என்று பதிந்தான். சரிபார்ப்பு போய்ச் சேர்ந்ததும் சுவரில் புக்கிட் கெனாரி பச்சையானது. கருவியில் பழுதில்லை என்பது உறுதியாகிவிட்டதால், குலைகளுக்குத்தான் எடை இல்லாமல் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் முகுந்தன் முடிவுக்கு வந்தார். அதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவில் ரஜீவனும் இருந்தான். முதல் கூட்டத்துக்கு முன்பே அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

மேடையில் லாரி நின்றது. அதன் பின்னால் சாலை வரைக்கும் லாரிகள் நின்றன. மேசைமேல் பெட்டி சிவப்பெழுத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தது.